பாய்லர் காது

பாய்லர் காது என்று ஒரு காது இருக்கிறது. மருத்துவப் புத்தகத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. ரயில் வேகன்களைப் பழுதுபார்க்கும் பணிமனைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே சம்மட்டியோடும் தகட்டோடும் குடும்பம் நடத்தும் பாய்லர்மேக்கர் என்ற இனத்தாரின் தலையில் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். பார்வைக்கு உங்கள் காது, என் காது மாதிரிதான். ஆனால் அதன் குணமே தனி. பணிமனையின் அந்தக் கோடியில் ஒருவர் "டீ வந்தாச்சு" என்று முணுமுணுத்தால் இந்தக் கோடியில் இருப்பவர் சம்மட்டியைக் கீழே வைத்துவிடுவார். "ஞாயித்துக்கிழமை ஒரு நாள் வேலைக்கு வர முடியுமா?" என்று ஃபோர்மன் தோளுக்குப் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினால், ஐயோ பாவம், ஒன்றும் கேட்காது.

பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். அது நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் வைத்த பெயர். எஞ்சின் போயிற்று, நீராவி போயிற்று, பெயர் மட்டும் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. இன்றைய பாய்லர்மேக்கர் பாய்லர் என்ற வஸ்துவைக் கண்ணால் பார்ப்பது கேண்டீனில் டீ பிடிக்கும்போதுதான். மற்ற நேரமெல்லாம் நெளிந்த வேகன் கதவைச் சூடு காட்டி நிமிர்த்துவார், துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் போடுவார், எண்ணெய் டாங்கர் வந்தால் ஒருவர் உள்ளே இறங்கி இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடிக்க, இன்னொருவர் வெளியிலிருந்து பூர்வஜென்மப் பகை தீர்ப்பதுபோல் சம்மட்டியால் போடுவார். உள்ளே இருப்பவரின் கதியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மணிக்குள் உட்கார வைத்து மணியடித்தால் எப்படியிருக்கும்?

அப்படிப்பட்ட இடத்தில் வாயால் பேசுவது வீண் செலவு. எல்லாம் கை ஜாடைதான். தாடையைத் தடவினால் ஃபோர்மன் வருகிறார். தொண்டையைக் கிள்ளினால் டீ. இரண்டு கையையும் விரித்தால் வேலை நின்றுவிட்டது, என்ன செய்ய என்று அர்த்தம். நெற்றியில் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் மேலதிகாரி. அந்த ஜாடைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, குடும்பத்தோடு படிப்பவர்கள் இருப்பதால் விட்டுவிடுகிறேன். நிர்வாகம் எல்லோருக்கும் காதடைப்பான் கொடுக்கிறது. அதைக் காதில் வைத்துக்கொள்பவர் நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் என்று கண்டுகொள்ளலாம். மற்றவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் ஆடும் மேஜையின் காலுக்கு அண்டை கொடுப்பார்கள், காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னலின் இடுக்கில் செருகுவார்கள்.

மாதிரிக்கு ஒருவரைக் காட்டுகிறேன். வெளியாள் இல்லை, என் அக்காவைக் கட்டியவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிட்டால் திரும்ப மாட்டார், அது வேறு விஷயம்.

மாமா வேலையில் சூரர். அவர் போட்ட வெல்டிங்கைத் தடவிப் பார்த்தால் எங்கே ஒட்டினார் என்று கை கண்டுபிடிக்காது. ஆனால் சம்மட்டிச் சத்தம் அவருக்குக் கொடுத்த பெரிய சம்பாத்தியம் சம்பளம் அல்ல, ஒரு சாக்கு. காது மந்தம் என்ற சாக்கு. பாய்லர்மேக்கர் என்றால் காது கேட்காது என்று ஊர் உலகத்துக்கே தெரியும். தெரிந்த ஒன்றை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? கல்யாணமான மறு வாரமே இந்த உண்மையின் அருமை மாமாவுக்குப் புரிந்துவிட்டது. அக்கா ஏதோ வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள், அவர் மறந்துபோய்விட்டார், ஏன் வாங்கவில்லை என்று கேட்டதற்கு "எங்க, நீ சொன்னது கேக்கவே இல்லையே!" என்றிருக்கிறார். அக்கா சின்னப் பெண். பதறிப்போய், "அச்சச்சோ, வேலை செய்யற எடத்துச் சத்தமா?" என்று கேட்டு அன்றைக்கு அவருக்கு இரண்டு கரண்டி சோறு கூடப் போட்டிருக்கிறாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு அதை அவர் ஒரு கலையாகவே வளர்த்தார். எனக்குக் கல்யாணமான புதிதில், கேட்காமலே என்னை உட்கார வைத்து அந்த ரகசியத்தைச் சொல்லியும் கொடுத்தார். ரகசியம் என்றுதான் பெயர். மாமா ரகசியம் பேசினால் எதிர்வீட்டில் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள்.

"மாப்ள, நல்லாக் கேட்டுக்க. மொதல் தடவ சொல்லும்போது திரும்பவே கூடாது. ரெண்டாவது தடவ 'ஆ?'ன்னு ஒரு சத்தம். மூணாவது தடவ தலைய ஆட்டிடணும். தலையாட்டினா சரின்னும் அர்த்தம், பாக்கலாம்னும் அர்த்தம். பின்னால எதுலயும் மாட்ட மாட்ட. நாலாவது தடவ எவளும் சொல்ல மாட்டா, தொண்டத் தண்ணி வத்திடும்."

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தக் கதைதான் வீட்டில். ஊர்ப்பட்ட வேகன் கதவுகளையெல்லாம் நிமிர்த்திவிட்டு வரும் மனிதரின் பின்கட்டுக் கதவு, தாழ்ப்பாள் உடைந்து, ஒரு கயிற்றை நம்பிக் காலம் தள்ளியது. குளியலறைக் குழாய் சொட்டியது. அக்கா சொல்வாள். முதல் தடவை திரும்ப மாட்டார். இரண்டாம் தடவை "ஆ?" மூன்றாம் தடவை தலையாட்டல். செவிடன் காதில் ஊதின சங்குதான். "செவுத்துகிட்ட சொன்னாலும் எதிரொலியாவது வரும்" என்று அக்கா என்னிடம் புலம்புவாள். நான் என்ன செய்ய? எனக்கு அவர் மாமா. சிரித்துக்கொள்வேன்.

இப்படி வருஷங்கள் ஓடின. ஒருநாள் அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். மாமா பந்தயத்தில் ஜெயித்தவர்போல் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா மாப்ள, எத்தன வருஷத் தவம்! பலிச்சிருச்சு. உங்க அக்கா மாறிட்டா. இப்பல்லாம் அதச் செய் இதச் செய்னு ஒரு தொந்தரவு கெடையாது. வீடு எவ்ளோ அமைதியா இருக்கு தெரியுமா?"

அப்போது அக்கா நிலைப்படியில் வந்து நின்று ஏதோ சொன்னாள். மாமா தலையை ஆட்டினார். அக்கா ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இந்த அமைதிக்கு ஆபத்து பணிமனை அறிவிப்புப் பலகையில் வந்தது. பாய்லர் ஷாப்பில் வேலை செய்யும் அனைவரும் காதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தேறியவர் சம்மட்டியைத் தொடலாம். தேறாதவர் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கிளவுஸ் எடுத்துக் கொடுக்கலாம். வருஷக்கணக்காக எதுவுமே கேட்காத அத்தனை காதுகளிலும் இந்தச் செய்தி மட்டும் ஒரே மூச்சில் விழுந்தது. அன்றைக்கு டீ ஆறிப்போனது, யாரும் குடிக்கவில்லை என்று கேள்வி.

சங்கடத்துக்கு ஒரு வழி கண்டுபிடிக்காமல் விடுவார்களா? ஏற்கனவே போய்வந்த ஒருவர் சூட்சுமத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைப்பார்கள், காதில் ஹெட்போன் மாட்டுவார்கள், கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்கு என்பார்கள். வெளியே மெஷினில் ஒரு பெண் இருப்பாள். அவள் தோள் அசைந்தால் சத்தம் வருகிறது என்று அர்த்தம். அமுக்கு! ஆயுசு பூராவும் கை ஜாடையில் பேசிய ஆட்களுக்கு இது ஒரு காரியமா? எல்லோரும் தோள் பார்த்துப் பழகினார்கள்.

மாமா மட்டும் பழகவில்லை. "எனக்கெதுக்குப்பா அதெல்லாம்? என் காதுக்கு ஒரு கொறையும் இல்ல. நடிக்கறவனுக்குத் தெரியாதா எது நடிப்புன்னு?" என்று என்னிடம் சொன்னார். அவருக்கிருந்த கவலையே வேறு. அக்கா தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

"டாக்டர்கிட்ட நானும் நாலு வார்த்த கேக்கணும்டா. உங்க மாமாவுக்கு எப்பதான் கேக்கும், எப்பதான் கேக்காதுன்னு எனக்கும் தெரிய வேணாமா?"

மாமாவின் தர்மசங்கடம் புரிகிறதா? தேறாவிட்டால் சம்மட்டி போய்விடும். தேறிவிட்டால் அக்கா பக்கத்திலேயே நிற்கிறாள்: காது கணீரென்று இருக்கிறது என்று டாக்டர் வாயால் கேட்டுவிட்டால் இத்தனை வருஷ வேஷமும் அந்த இடத்திலேயே கலைந்துவிடும். "எப்படியாவது அவள வீட்டோட நிறுத்திடு மாப்ள" என்று கெஞ்சினார். நானா? என் அக்காவையா? கடைசியில் மாமாவே ஒரு முடிவுக்கு வந்தார். கிளவுஸ் எண்ணிக்கொண்டு உட்காருவதைவிடப் பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது மேல். மானம் போனாலும் சம்மட்டி மிஞ்சும்.

வண்டி ஓட்டியவன் நான்தான். வழி நெடுக மாமா விசில் அடித்துக்கொண்டு வந்தார். அக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கண்ணாடி அறைக்குள் மாமா ராஜா மாதிரி உட்கார்ந்தார். நானும் அக்காவும் வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பெஞ்சில். மெஷினுக்கு முன்னால் அந்தப் பெண் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சத்தம் அனுப்பும்போதும் மெஷினில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தது, மாமா பொத்தானை அமுக்கினார். எரிந்தது, அமுக்கினார். எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பிறகு விளக்கு எரிந்தது. மாமா சும்மா இருந்தார். மறுபடி எரிந்தது. மாமா அறையின் கூரையைப் பார்த்தார், ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார், ஒரு கொட்டாவி விட்டார். விளக்கு எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தது. மாமா என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்: வேலை நின்றுவிட்டது, என்ன செய்ய?

எனக்குச் சிரிப்பு வந்தது. கிழவர் நடிக்கிறார், அக்கா இருக்கிறாள் என்பதால் கடைசி நேரத்தில் கட்சி மாறிவிட்டார் என்று நினைத்தேன். இப்படியும் ஒரு மனிதரா என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். "என்னம்மா, மெஷின் ரிப்பேரா? நடுவுல நின்னுபோச்சே. மறுபடி எப்ப ஆரம்பிப்பீங்க?"

அந்தப் பெண் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். "முடிஞ்சிருச்சுங்கய்யா" என்றாள்.

டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார். கோடு கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய்விட்டுச் சட்டென்று பள்ளத்தில் இறங்கியது. தடித்த சத்தமெல்லாம் மாமாவுக்குக் கேட்கிறதாம்: சம்மட்டி, லாரி, ஃபோர்மனின் தொண்டை. மெல்லிய சத்தம்தான் போய்விட்டதாம். குருவி, டெலிபோன் மணி, குழந்தைகள் பேச்சு, பெண்கள் பேச்சு. அதிலும் முதுகைக் காட்டிக்கொண்டோ, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டோ பேசினால் சுத்தமாக இல்லை.

"எதிர்ல நின்னு பேசினா உதட்டப் பாத்தே புரிஞ்சுக்கறீங்க. கண்ணு அவ்ளோ கூர்மை. அதனாலதான் உங்களுக்கே தெரியல" என்றார் டாக்டர். "இது திடீர்னு வர்றதில்ல. பல வருஷமா கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கு."

ஆக, அந்தக் கோடியில் டீ வந்ததை மாமா காதால் கேட்கவே இல்லை. தொண்டையைக் கிள்ளியவனைக் கண்ணால் பார்த்திருக்கிறார். கேட்காததுபோல் நடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே மனிதர் நிஜமாகவே கேட்காமல் போயிருக்கிறார். எந்த நாளில் வேஷம் முடிந்து அசல் ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது.

இதைக் கேட்டு மாமா இடிந்துபோனார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது. அக்கா பக்கம் திரும்பி, ஆஸ்பத்திரியே அதிர, "பாத்தியா! பாத்தியா! நெஜமாவே கேக்கல! டாக்டரே சொல்லிட்டாரு! என்னமோ நான் வேணும்னே பண்றேன்னு சொல்லுவியே!" என்றார். விடுதலையான கைதிக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

அக்கா அமைதியாக அவருக்கு எதிரே வந்து நின்றாள். "அப்ப நான் பேசறத நிறுத்திட்டேன்னு தம்பிகிட்ட சொல்லிட்டு இருந்தீங்களே, அது?"

"நிறுத்திட்டியே."

"நான் எங்க நிறுத்தினேன்? தெனமும்தான் சொல்லிட்டு இருக்கேன். மாடியில இருக்கற பையன் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"உங்க பெரியப்பா வழிப் பேரன்தானே?"

"வாடகைக்கு வந்திருக்கற பையன். ரூம் சும்மாத்தானே கெடக்கு, வாடகைக்கு விடலாமான்னு கேட்டேன். தலைய ஆட்டினீங்க."

டாக்டர் சட்டென்று மேஜை மேலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். மாமா அந்தப் பையனை இவ்வளவு நாளும் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தி, பெரியப்பா சுகமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவனும் மரியாதைக்குச் சுகம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெரியப்பா செத்துப்போய் வெகுகாலம் ஆயிற்று, அந்தச் செய்திக்கும் மாமா தலையாட்டியிருப்பார்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாமாவும் சிரித்தார். சிரித்தபடியே வெளியே வந்து தாழ்வாரப் பெஞ்சில் உட்கார்ந்து, "இன்னும் என்னென்னத்துக்குத் தலைய ஆட்டினேன்? சொல்லு, சொல்லு" என்று உற்சாகமாகக் கேட்டார்.

அக்கா சொன்னாள். தையல் மெஷின் விற்றதற்கு. அவர் தங்கையைக் குடும்பத்தோடு லீவுக்கு அழைத்ததற்கு. பின்கட்டுக் கதவுக்கு வேறு ஆளை வைத்துத் தாழ்ப்பாள் போட்டதற்கு. ஒவ்வொன்றுக்கும் மாமா தொடையில் தட்டிச் சிரித்தார்.

"போன மழைல ஒருநாள்" என்றாள். "பாத்திரம் கழுவிக்கிட்டே சொன்னேன். மார்ல ஒரு கட்டி இருக்கு, டாக்டரம்மா படம் எடுத்துப் பாக்கணும்னு சொல்றாங்க, எனக்குப் பயமா இருக்கு, நாளைக்கு என்கூட வரீங்களான்னு. திரும்பிப் பாத்தேன். நீங்க தலைய ஆட்டினீங்க. மறுநா காலைல சீக்கிரமே குளிச்சுக் கெளம்பி உக்காந்திருந்தேன். நீங்க சாப்பாட்டு டப்பாவத் தூக்கிட்டு வேலைக்குப் போய்ட்டீங்க."

என் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எனக்கும் இது தெரியாது. "அக்கா..." என்றேன்.

"ஒண்ணும் இல்லடா. வெறும் கொழுப்புக் கட்டின்னு சொல்லிட்டாங்க. தனியாப் போனேன், தனியாத் திரும்பி வந்தேன், அவ்ளோதான்." என்னிடம் இதைச் சொன்னாலும் அவள் பார்வை மாமாவை விட்டு விலகவில்லை. "ஏங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நெஜமாவே கேக்கலையா? இல்ல, வழக்கம்போலயா?"

அவள் மெல்லத்தான் கேட்டாள். ஆனால் எதிரே இருந்து, முகத்தைப் பார்த்துக் கேட்டாள். மாமாவுக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டர் சீட்டு கையிலேயே இருந்தது, அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? மாமா சீட்டைப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்தார். மனிதர் எத்தனையோ புளுகு புளுகியவர்தான், ஆனால் அந்த இடத்தில் அவருக்குப் புளுக வரவில்லை. ஏனென்றால் அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம், ஒரு தலையாட்டல். ஆயிரம் தலையாட்டலில் அது எந்தத் தலையாட்டல்? கேட்டுத் தட்டிக் கழித்ததா, கேட்காமலே ஆட்டியதா?

"தெரியலம்மா" என்றார்.

மாமா அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து நின்று, அவர் பார்க்கும்படி உதட்டை நிறுத்தி நிதானமாக அசைத்து, "வாங்க, போகலாம்" என்றாள். அவர் அவள் பின்னாலேயே போனார்.

இப்போது மாமா ஸ்டோர் ரூமில் கிளவுஸ் கொடுக்கிறார். காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மெஷின் மாட்டியிருக்கிறார்கள். அது இருந்தாலும் முகத்தைப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. அக்கா ஏதோ சொல்லிவிடப் போகிறாளே, விட்டுவிடக் கூடாதே என்று அடுப்படி, துணிக்கொடி, மொட்டை மாடி என்று அவளுக்கு முன்னால் முன்னால் போய் நிற்கிறார். அக்காவுக்கு வேலை ஓடவில்லை. "கொஞ்சம் தள்ளுங்களேன், நான் ஒண்ணும் சொல்லல" என்றால், "இல்ல, ஒதடு அசைஞ்சுதே" என்கிறார். பொறுக்க முடியாமல் போனால் அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்துக்கொள்கிறாள். சிலவற்றை நானும் கேட்டேன். அந்த நெற்றிக்கோடு ஜாடையின் இன்னொரு அர்த்தம் அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

ஒன்று மட்டும் மாமாவிடம் அடியோடு போய்விட்டது. அவர் இப்போது தலையை ஆட்டுவதில்லை. உப்பு வேணுமா என்று கேட்டால்கூட, வேணும் என்று வாயால் சொல்கிறார்.

நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். சம்மட்டி பிடித்ததில்லை, டாங்கருக்குள் இறங்கியதில்லை, ஆகவே நமக்கும் இந்தக் காதுக்கும் சம்பந்தமில்லை. இருக்கட்டும். வீட்டில் இப்போதெல்லாம் யாரும் உங்களை எதுவும் கேட்பதில்லையா? நச்சரிப்பு குறைந்துவிட்டதா? வயதாக ஆக அவர்களுக்கும் பக்குவம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டீர்களா? நல்லது. இதைப் படிக்க ஆரம்பித்து, ராஜா மாதிரி ஒருவர் கண்ணாடி அறையில் உட்கார்ந்த இடத்துக்கு வந்தபோது, உங்களுக்குப் பின்னால் யாரோ வந்து நின்று என்னவோ கேட்டார்கள். நீங்கள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினீர்கள். எதற்கு ஆட்டினீர்கள் என்று போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.